நா அடைத்தவரின் வாக்கு யாருடையது?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

வர்த்தகனுக்கு முதல் எது என்று கேட்டால், பணம் என்று பலர் சொல்லுவார்கள். அனுபவம் முதிர்ந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. வாக்குத்தான் முதல் என்பார்கள். காசுக்கும் நாணயம் என்றே பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்றே பெயர். இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்த நம் தமிழ் மொழி, வியாபாரத்தின் இரகசியத்தை அந்த ஒரு சொல்லிலேயே அடக்கி வைத்திருக்கிறது. கடல் கடந்து இந்நாடுகளுக்கு வந்து, ஒட்டுக்கடையாகவும், துணிக்கடையாகவும், மசாலைக் கடையாகவும், நாணயமாற்றுக் கடையாகவும் தொழில் நடத்திய நம்மவர்களிற் பலர், கையில் இருந்த பணத்தைவிட வாயில் இருந்த வாக்கை வைத்தே சரக்கு எடுத்தார்கள், கடன் வாங்கினார்கள், கடன் கொடுத்தார்கள்.

அப்படிப்பட்ட வாக்கை ஒரு நொடியில் பறித்துக்கொள்ளும் வியாதி ஒன்று உண்டு. காலையில் கல்லாவைத் திறந்தவர் நண்பகலுக்குள் நாவடைத்துக் கிடக்கிறார். உயிர் இருக்கிறது, விழி அசைகிறது, சொல் இல்லை. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், எந்த அமானிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதெல்லாம் அவர் உள்ளத்திற்குள் அடைபட்டுப் போகின்றன. அப்பொழுது எழும் கேள்வி வைத்தியரை மட்டும் சேர்ந்ததன்று. அது தர்மத்தைச் சேர்ந்த கேள்வி. அவருடைய வாக்கு இனி யாருடையது? அவர் பொருட்டுப் பேச யாருக்கு ஹக்கு உண்டு? அந்த ஹக்கின் எல்லை எது? இக்கேள்விகளைச் சற்று நிதானமாகச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வியாதியைத் தெரிந்துகொள்வோம். நாம் இதைப் பாரிச வாயு, பக்கவாதம் என்கிறோம். மலாய்க்காரச் சகோதரர்கள் ‘ஆங்ங்ஙின் அஹ்மார்’, அதாவது செங்காற்று என்கிறார்கள். இரு மொழியாரும் காற்றின் மீதே பழியைப் போட்டார்கள். உண்மையில் குற்றவாளி காற்றன்று, இரத்த ஓட்டம். 1658-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்து தேசத்து வைத்தியர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர், திடீரென்று விழுந்து இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து, உள்ளே இரத்தம் கசிந்து உறைந்திருப்பதைக் கண்டு எழுதினார். கை கால் விழுந்ததற்குக் காரணம் கையிலும் காலிலும் இல்லை, தலைக்குள்ளே இருக்கிறது என்பது அதன்பின் நிலைபெற்ற உண்மை.

மனித சரீரத்தின் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் சரீரம் உபயோகிக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் வழக்கம் மூளைக்குக் கிடையாது. அன்றாடச் சரக்கை அன்றாடம் வாங்கிப் பிழைக்கும் கடையைப் போன்றது அது. இரத்தம் வரும் குழாயில் கட்டி அடைத்துக்கொண்டால் ஒரு வகைப் பக்கவாதம். குழாய் வெடித்து இரத்தம் கசிந்தால் மற்றொரு வகை. உலகத்தில் அடைப்பினால் வருவதே மிகுதி. பெரிய குழாய் ஒன்று அடைபட்டுவிட்டால் ஒவ்வொரு நிமிஷத்திலும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணித்திருக்கிறார்கள்.

ஆகவே இவ்வியாதியில் நேரமே மருந்து. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரென்று தோன்றினாலும் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து, பொதுவாக நோய் கண்ட நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்கப்பட வேண்டியது. அதுவும் தலையைப் படமெடுத்து, உள்ளே கசிவு இல்லை என்று கண்ட பிறகே கொடுக்கப்படும். பெரிய குழாயில் உள்ள கட்டியைக் கம்பி செலுத்தி இழுத்தெடுக்கும் சிகிச்சையும் 2015-ம் ஆண்டு முதல் உறுதியாக நிலைபெற்றிருக்கிறது. கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதும், தைலம் தேய்ப்பதும், விரல் நுனிகளை ஊசியால் குத்தி இரத்தம் வடிப்பதும் அந்தப் பொன்னான நேரத்தைக் கொள்ளையடிக்கும் காரியங்கள். விழுங்கும் சக்தி கெட்டிருக்கக் கூடுமாதலால், வைத்தியர் பார்க்குமுன் தண்ணீரோ மாத்திரையோ வாயில் ஊற்றவும் கூடாது. அறிகுறி பத்து நிமிஷத்தில் தானே மறைந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது பின்னால் வரப்போகும் பெரிய விபத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

இங்கே சிலர் ஓர் ஆட்சேபம் எழுப்புவதுண்டு. “வருவது வந்தே தீரும், கத்ரில் உள்ளதை யார் மாற்றுவது? மாத்திரை தின்பதால் ஆயுள் நீளுமா?” என்பார்கள். இது தவக்குல் போலத் தோன்றும். ஆனால் தவக்குல் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்குப் போதித்த செய்தி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்திற்குப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்விப்பட்டு, ஆலோசனை செய்து, படையுடன் திரும்பினார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுவதா என்று கேட்கப்பட்டபோது, ஒரு கத்ரிலிருந்து மற்றொரு கத்ருக்கே போகிறோம் என்ற கருத்தில் அவர்கள் மறுமொழி சொன்னார்கள். பசுமையான பக்கம் ஒன்றும் வறண்ட பக்கம் ஒன்றும் உள்ள பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது இறைவன் விதிப்படிதானே என்று உவமையும் காட்டினார்கள்.

இந்த உவமை நமக்கும் பொருந்தும். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி மூளைக் குழாய் வெடித்து இறந்தார். அவருடைய இரத்தக் கொதிப்பு ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே போனதை வைத்தியர்கள் அளந்து குறித்துக்கொண்டிருந்தார்கள்; ஆனால் அதைத் தணிக்கத் தக்க நல்ல மருந்து அந்நாளில் இல்லை. உலகத்திற் பெரிய பதவியில் இருந்தவருக்கும் அது வறண்ட பக்கமாகவே இருந்தது. இன்றோ, அவருக்குக் கிட்டாத மருந்து நம் தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்கிறது. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகை, கொழுப்பு, ஒழுங்கற்ற இருதயத் துடிப்பு ஆகியவையே இவ்வியாதிக்கு வழிவிடும் முக்கியமான வாயில்கள். அவற்றில் முதல் வாயில் இரத்தக் கொதிப்பு. பசும்புல் பக்கத்தில் இருக்க, வறண்ட நிலத்தில் நின்றுகொண்டு கத்ரு என்று சொல்வது, சோம்பலுக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுவதாகும். சரீரமும் ஓர் அமானிதம் அன்றோ?

இனி நாம் எடுத்துக்கொண்ட பிரதான கேள்விக்கு வருவோம்.

நாவடைத்தவருக்கு அறிவும் அடைத்துப் போய்விட்டது என்று நினைப்பதே நம் முதல் தவறு. 1861-ம் ஆண்டில் பாரிஸ் நகரத்தருகே பிசேத்ர் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்ற ஒரே ஓசைதான் அவர் வாயிலிருந்து வரும். வைத்தியர் பால் புரோக்கா அவரிடம், எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர் என்று கேட்டார். அவர் ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை உயர்த்தினார். இருபத்தொரு ஆண்டுகள், கணக்குச் சரியாக இருந்தது! அவர் இறந்தபின் மூளையைச் சோதித்த புரோக்கா, இடது பக்கத்தின் முன்பகுதியில் சிதைவு இருப்பதைக் கண்டு, பேச்சை உருவாக்கும் இடம் அதுவே என்று அறிவித்தார். சொல் போயிற்று; கணக்குப் போகவில்லை!

இதற்கு மாறான நிலையும் உண்டு. ஜெர்மானிய வைத்தியர் கார்ல் வெர்னிக்கே 1874-ம் ஆண்டில் விவரித்த நோயாளிகள் தடையின்றிப் பேசினார்கள்; ஆனால் பேச்சில் பொருளில்லை; பிறர் சொல்வதும் அவர்களுக்கு விளங்கவில்லை. ஆகவே மௌனமாயிருப்பவர் எல்லாம் அறிவிழந்தவர் அல்லர். சரளமாகப் பேசுகிறவர் எல்லாம் விளங்கிக்கொண்டவரும் அல்லர். இன்னொரு நுட்பமும் உண்டு. இந்நோயாளிகளிற் சிலர் ‘இல்லை’ என்று சொல்ல எண்ணி ‘ஆம்’ என்று தலையசைத்துவிடுவார்கள். பல மொழி தெரிந்தவருக்கு ஒரு மொழி திரும்பி, மற்றொரு மொழி திரும்பாமலும் இருக்கும். கடையில் மலாய் பேசி, வீட்டில் தமிழ் பேசி, பாங்கியில் ஆங்கிலம் பேசியவர், இம்மூன்றில் எதில் முதலில் விழிப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொந்தமாக ஒரு வாக்கியம் பேச இயலாதவர், சிறு வயது முதல் ஓதிப் பழகியதைப் பிசகாமல் ஓதிவிடுவதும் உண்டு.

இவ்வளவையும் அறிந்த பிறகு ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். படுக்கையைச் சுற்றி உறவினர் நிற்கிறார்கள். ஒருவர் கையில் பத்திரம். மற்றொருவர் மைத் தட்டை நீட்டுகிறார். அசைவற்ற பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்துகிறார்கள். கண்கள் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. “அத்தா தலையசைத்தார்கள்” என்று சாட்சியும் சொல்லப்படுகிறது. அந்த ரேகை அவருடையதுதான். ஆனால் வாக்கு யாருடையது?

இதைச் செய்கிறவர்கள் எல்லாரும் துஷ்டர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர்கள் பயந்துபோன பிள்ளைகள். “வாப்பா படுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் கடன் கொடுத்தவர்கள் ஒரே நாளில் வந்து நிற்பார்கள், சரக்குக் கொடுப்பவர்கள் கையை மடக்குவார்கள், இருபது குடும்பம் பிழைக்கும் கடை மூடிப்போகும்” என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. நோயாளியின் அந்தரங்கத்தை ஊரெல்லாம் பறையடிக்க வேண்டும் என்று மார்க்கமும் சொல்லவில்லை. ஆனால் அந்தரங்கத்தைக் காப்பது வேறு. அவர் பேசாததை அவர் பேசியதாகக் காட்டுவது வேறு. முன்னது மரியாதை, பின்னது பொய்ச் சாட்சியம்.

அன்புக்காகச் செய்யப்பட்ட மறைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் 1919-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி பக்கவாதத்தால் விழுந்தார். இடது பக்கம் செயலற்றது. பேச்சு முற்றும் போய்விடவில்லை. ஆனால் வலப்பக்க மூளை தாக்கப்பட்டவர்கள் சிலருக்கு நேர்வதுபோல, தம் நோயின் கடுமை அவருக்கே சரிவர விளங்கவில்லை. மனைவி ஈடித் அம்மையாரும் வைத்தியர் கிரேசனும் நோயின் உண்மையை நாட்டுக்கு மறைத்தார்கள். மந்திரிகள் அனுப்பிய காகிதங்கள் அம்மையாரிடம் போயின; பதில் அவர் கையெழுத்தில் வந்தது. மந்திரி சபையைத் தாமாகக் கூட்டிக் காரியம் நடத்திய வெளிநாட்டு மந்திரி லான்சிங், 1920-ம் ஆண்டு பிப்ரவரியில் பதவி விலக நேர்ந்தது. வில்சன் தம் வாழ்நாட் கனவாகக் கொண்ட சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேரவேயில்லை. அதற்குக் காரணங்கள் பல. ஆனாலும் விட்டுக்கொடுத்துப் பேசி முடிக்க வேண்டிய வேளையில், பேசத்தக்கவர் படுக்கையில் இருந்தார் என்பது மறுக்க முடியாதது. 1921-ம் ஆண்டு மார்ச்சு வரை இந்நிலை நீடித்தது.

ஈடித் அம்மையார் பின்னாளில் எழுதிய நினைவு நூலில், அரசாங்க விஷயங்களில் தாம் எந்தத் தீர்மானமும் செய்ததில்லை என்றும், எது முக்கியம், எது முக்கியமில்லை, எதைக் கணவர் முன் எப்பொழுது வைப்பது என்பதை மட்டுமே தீர்மானித்ததாகவும் கூறினார். அவர் பொய் சொன்னார் என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்ற தீர்மானத்தைவிடப் பெரிய தீர்மானம் எது? கல்லாச் சாவியைக் கையில் வைத்திருப்பவன், “நான் பணத்தைத் தொடுவதில்லை, எப்பொழுது திறப்பது என்பதை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்வதைப் போன்றது அது. அன்புள்ள மனைவியாலேயே இந்த எல்லையைக் காண முடியவில்லை என்றால், சொத்தில் பங்குள்ள நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

ஜனாதிபதி செயலற்றால் என்ன செய்வது என்பதைத் தெளிவாக வகுக்கும் சட்டத் திருத்தம் அமெரிக்காவில் 1967-ம் ஆண்டில்தான் நிறைவேறியது. நமது திருமறையோ பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கேள்வியைத் தொட்டிருக்கிறது. குர்ஆனில் மிக நீண்ட ஆயத்து எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியதோ, நோன்பைப் பற்றியதோ அன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது அது. ஸூரத்துல் பகராவின் 282-வது ஆயத்து. கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்லி எழுதச் செய்ய வேண்டும் என்று விதித்த அந்த ஆயத்து, அவர் பலவீனராகவோ சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்லட்டும் என்றும் வழி காட்டுகிறது. சாட்சிகளையும் வைக்கச் சொல்லுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நீதி என்ற நிபந்தனை பொறுப்பாளருடன் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. அவர் தம் இஷ்டப்படி பேச வந்தவரல்லர். நாவடைத்தவர் பேச முடிந்திருந்தால் எந்தக் கடனை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருந்தாரோ, அதை ஒப்புக்கொள்ள வந்தவர். தமக்குப் பாதகமானாலும் சொல்ல வேண்டியவர். பேச இயலாதவருடைய விளங்கத்தக்க சைகை பேச்சின் ஸ்தானத்தைப் பெறும் என்பதும் ஃபிக்ஹில் அறியப்பட்ட விதி. 19-ம் நூற்றாண்டில் உதுமானிய அரசு தொகுத்த மஜல்லாவிலும் அது ஒரு பொது விதியாக இடம் பெற்றிருக்கிறது. இடையில் நாவடைத்தவர் விஷயத்தில் எவ்வளவு காலம் பொறுத்துப் பார்ப்பது போன்ற விவரங்களில் மத்ஹபுகளிடையே பேதம் உண்டு. அவற்றை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் விரல்களால் இருபத்தொன்று காட்டிய மனிதரை ஊமைப் பொம்மையாக நடத்த எந்த மத்ஹபும் இடம் கொடுக்கவில்லை.

ஆகவே நம் கேள்விக்கு விடை இதுவே: நாவடைத்தவரின் வாக்கு அவருடையதேயாகும். சுற்றியிருப்போர் கையில் அது அமானிதம், சொத்தன்று. அமானிதத்தைப் பெற்றவன் அதைச் செலவழிக்க முடியாது. காத்து ஒப்படைக்க மட்டுமே முடியும்.

இதிலிருந்து இரண்டு கடமைகள் பிறக்கின்றன. ஒன்று, சுகமாயிருப்பவரின் கடமை. வசிய்யத்துச் செய்ய வேண்டிய பொருளுள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸை நாம் மௌத்துக்கு மட்டும் உரியதாக நினைக்கிறோம். மௌத்துக்கு முன்பே வாக்குப் போய்விடக்கூடும் என்பதை இவ்வியாதி நமக்குக் கற்பிக்கிறது. வாய்க்கணக்குப் பெருமையை இனி விட்டுவிடுவோம். கைமாற்றையும், பிறர் வைத்த அமானிதத்தையும், கூட்டாளியின் பங்கையும் பேரேட்டில் தேதியுடன் எழுதி, நம்பிக்கையுள்ள ஒருவரேனும் படித்து விளங்கும்படி வைப்போம். நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். சாதாரண அதிகாரப் பத்திரம், கொடுத்தவர் மனத்திறன் இழந்தால் பொதுவாகச் செல்லாது. சிங்கப்பூரில் 2008-ம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, அத்தகைய காலத்திற்கென்றே ஒருவரை முன்கூட்டி நியமிக்கலாம். மலேசியாவில் 2001-ம் ஆண்டின் மனநலச் சட்டப்படி உயர்நீதிமன்றம் விசாரித்துப் பொறுப்பாளரை நியமிக்க வழியுண்டு. பெருவிரலைப் பிடித்து அழுத்தும் நிலைக்குப் பிள்ளைகளைத் தள்ளாமல் இருப்பதும் தகப்பனின் தர்மமே.

மற்றொன்று, சுற்றியிருப்போரின் கடமை. அவர் தலைமாட்டில் அவரைப் பற்றி, அவர் இல்லாததுபோலப் பேசக் கூடாது. ஒரே சமயத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்க வேண்டும். ‘ஆம்’ என்று தலையசைத்தால், அதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் அது பதில். எழுத்தையும் படத்தையும் விரலையும் காட்டிப் பார்க்க வேண்டும். பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பேச்சுப் பயிற்சி அளிக்கும் நிபுணரைத் தேட வேண்டும். மாதங்கள் கழித்தும் பேச்சு முன்னேறுவதுண்டு. பெரிய கொடுக்கல் வாங்கலில் ஆதாயம் இல்லாத ஒருவரைச் சாட்சியாக உடன் வைத்துக்கொள்ள வேண்டும். கடன் கொடுத்தவர்களிடம், “முதலாளி சுகமில்லாமல் இருக்கிறார்; கணக்கு எழுத்தில் இருக்கிறது; இவ்வளவு காலத்தில் தீர்ப்போம்” என்று நேராகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் கடை ஆடிப் போகலாம், நாணயம் ஆடாது.

கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிரமத்திலிருக்கும் கடனாளிக்குத் தவணை கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அவர் பேசும்போது அவர் வாக்கை நம்பிச் சரக்குக் கொடுத்தோம். பேச முடியாதபோது முதல் ஆளாக வாசலில் போய் நிற்பது ஆண்மையன்று. இன்று அவர் படுத்திருக்கிறார். நாளைக்கு யார் முறை என்பதை அல்லாஹ்வே அறிவான்.

நம் நாவு உள்ளபோதே உண்மையைப் பேசவும், கை ஓடும்போதே கணக்கை எழுதவும், பிறர் நாவு அடைத்தபோது அவர்களுக்காக நீதியுடன் பேசவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.